மேல்படிப்புக்கு எந்த நாடு? கட்டணத்தோடு அவகாசத்தையும் எண்ணுங்கள்

இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஓர் எக்செல் கோப்பு வந்து விழுந்தது. அனுப்பியவன் உறவுக்காரப் பையன், கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி வருடம். ஐந்து நாடுகள். படிப்புக் கட்டணம், தங்கும் செலவு, விசாச் செலவு, பல்கலைக்கழகத் தரவரிசை என்று தலைப்புகள், ஓரத்தில் மொத்தம். மொத்தத்தை வைத்துப் பார்த்து, பிரிட்டனுக்குப் பச்சை நிறம் அடித்திருந்தான். மாஸ்டர்ஸ் ஒரே வருடத்தில் முடிகிறது, ஆங்கிலம் போதும், இன்னொரு வருடச் செலவு மிச்சம்.

"அக்கா, கணக்கு சரியா இருக்கா?"

கூட்டல் சரியாகத்தான் இருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "செப்டம்பர் கடைசியில போய் இறங்குவ. முதல் வேலைக்கு எப்போ அப்ளை பண்ணுவ?"

"போய் செட்டில் ஆகி, முதல் செமஸ்டர் மார்க் வந்ததும் பண்ணலாம்னு..."

அதாவது பிப்ரவரி வாக்கில். பிரிட்டனின் பெரிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளை எடுக்க நடத்தும் கிராஜுவேட் ஸ்கீம்களில் பெரும்பாலானவை செப்டம்பரில் திறந்து, நவம்பர், டிசம்பருக்குள் மூடிவிடும். இவன் பேங்க் அக்கவுண்ட் திறந்து, பஸ் வழித்தடம் பழகி, முதல் அசைன்மென்ட்டை முடித்து நிமிர்வதற்குள் அந்த வருட வண்டி போய்விட்டிருக்கும்.

அந்த எக்செல்லில் ஒரு தலைப்பு விட்டுப்போயிருந்தது: அவகாசம். தெரியாத ஊரில் தடுமாறி, ஒரு பேப்பரில் கோட்டை விட்டு, பத்து நிறுவனங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுந்து நிற்க ஒரு நாடு எத்தனை மாதம் தருகிறது? அந்த மாதங்களுக்கு என்ன விலை கேட்கிறது? வெளிநாட்டுப் படிப்பை ஒப்பிடுகிறவர்கள் கட்டணத்தைப் பைசா சுத்தமாகக் கூட்டிவிடுகிறார்கள், இதைக் கூட்டுவதில்லை.

நான் மாஸ்டர்ஸ் படித்தது ஜெர்மனியில். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். பேசப்போவதும் மாஸ்டர்ஸ் பற்றி மட்டும்தான். இளநிலைப் படிப்புக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு.

காட்டும் பணம், கட்டும் பணம்

நாடுகளுக்குள் போகுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விசாவுக்காகக் கேட்கப்படும் தொகை எல்லாமே செலவு என்று நினைத்துப் பலர் மிரள்கிறார்கள். கேட்பதில் இரண்டு வகை உண்டு. கட்டும் பணம் போனால் போனதுதான்: படிப்புக் கட்டணம், விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு. காட்டும் பணம் உங்களுடையது. அங்கே போய்ச் சோறு தின்ன, வாடகை கொடுக்க உங்களிடம் வசதி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

ஜெர்மனியில் இது பளிச்சென்று தெரியும். பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோவாக அது உங்கள் கைக்கே வரும். கனடா, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் தனி நபருக்கு, கல்விக் கட்டணம் போக 22,895 கனடிய டாலர் கேட்கிறது (2025 செப்டம்பர் முதல், கியூபெக் தவிர). ஆஸ்திரேலியா 29,710 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறது. பிரிட்டனில் லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, வெளியே என்றால் 1,171 பவுண்டு, அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. கூட்டினால் லண்டனுக்கு 13,761, மற்ற ஊர்களுக்கு 10,539. அமெரிக்கா மொத்தமாக ஒரு தொகை சொல்வதில்லை. பல்கலைக்கழகமே முதல் வருடச் செலவைக் கணக்கிட்டு ஐ-20 படிவத்தில் அச்சடித்துத் தரும், அதற்கு ஈடான பணத்தைக் காட்ட வேண்டும்.

காட்டும் பணத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டன் விதிப்படி அந்தத் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூட ஒரு பவுண்டு குறையக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் பத்தொன்பதாம் நாள் அறை முன்பணத்துக்காகக் கொஞ்சம் எடுத்தார். இரண்டே நாளில் திருப்பிப் போட்டுவிட்டார். கணக்கு அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் அந்த இரண்டு நாள் மட்டும் இருப்பு ஒரு படி இறங்கி ஏறியிருந்தது. விசா மறுப்புக் கடிதம் அந்த இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு வந்தது. ஓர் ஆண்டு போனது.

பிரிட்டன்: மூச்சு வாங்க நேரமில்லை

பிரிட்டன் மாஸ்டர்ஸ் பன்னிரண்டு மாதம். செப்டம்பர் முதல் மே வரை வகுப்பும் தேர்வும், கோடையில் ஆய்வேடு, ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் சமர்ப்பிப்பு. மாணவர் விசா படிப்பு முடிந்து நான்கு மாதம் வரை நீளும். அதன்பின் கிராஜுவேட் ரூட் என்ற விசா. வேலை கையில் இல்லாவிட்டாலும் இதை வாங்கலாம், எந்த வேலையும் பார்க்கலாம்.

இந்த விசா இரண்டு வருடம் என்றுதான் எல்லா விளம்பரத்திலும் இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். 2026 செப்டம்பரில் சேர்கிறவர் 2027 இலையுதிர்காலத்தில்தான் விண்ணப்பிப்பார் என்பதால், அவர் எண்ண வேண்டியது 18. அதற்குள் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறினால்தான் தொடர்ந்து இருக்க முடியும். அதற்குப் பொதுவான ஆண்டுச் சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து 41,700 பவுண்டு. புதிதாகப் படிப்பை முடித்தவர்களுக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 33,400 என்ற சலுகை வரம்பு உண்டு. ஆனால் அந்தந்த வேலைக்கென்று அரசு வைத்திருக்கும் சம்பள அளவு இதைவிட அதிகமாக இருந்தால், அதுதான் செல்லும்.

வேலை தரும் நிறுவனத்திடம், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கண்ணி. உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசு இணையதளத்திலேயே வைத்திருக்கிறார்கள், யாரும் இறக்கிக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் முன்பே அதை இறக்கி, உங்கள் துறை நிறுவனங்கள் எத்தனை அதில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். கல்லூரித் தரவரிசையில் செலவிடும் நேரத்தில் பாதியை இங்கே செலவிட்டால் போதும்.

கட்டும் பணத்தில் பலர் மறந்துவிடுவது சுகாதாரக் கூடுதல் கட்டணம். மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு விசா ஏறக்குறைய 16 மாதம் வரும் என்பதால் ஒன்றரை ஆண்டுக்கு, அதாவது 1,164 பவுண்டு, முன்கூட்டியே ஒரே தவணையில் கட்ட வேண்டும். வகுப்பு முறையில் நடக்கும் மாஸ்டர்ஸுக்குப் போகிறவர் 2024 ஜனவரிக்குப் பிறகு கணவன், மனைவி, குழந்தையைக் கூட்டிப்போக முடியாது. திருமணமானவர்களுக்கு இந்த ஒரு விதியே முடிவைச் சொல்லிவிடும்.

இரண்டு, மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, எந்த நிறுவனத்தில் எந்தப் பதவிக்குக் குறி வைக்கிறோம் என்று தெரிந்து போகிறவருக்கு பிரிட்டன் நல்ல பேரம். பட்டத்தோடு திரும்பிவிடுவேன் என்று தீர்மானித்தவருக்கும்தான். கல்லூரியிலிருந்து நேராகப் போய், அங்கே போனபின் யோசிக்கலாம் என்கிறவருக்கு யோசிக்கிற நேரம் பாடத்திட்டத்திலேயே இல்லை.

ஜெர்மனி: நேரம் தாராளம், மன்னிப்பு குறைவு

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு சிறு பங்களிப்புத் தொகை உண்டு, பல இடங்களில் அதற்குள்ளேயே ரயில், பஸ் பயணச்சீட்டும் அடங்கிவிடும். விதிவிலக்குகள் இருக்கின்றன. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வைத்துவிட்டது, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. "ஜெர்மனி என்றால் இலவசம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

நான்கு செமஸ்டர் என்பது காகிதத்தில். ஐந்து, ஆறு என்று இழுப்பவர்களே அதிகம், அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். நிறுவனங்களில் வெர்க்ஸ்டுடன்ட் என்ற பகுதிநேர வேலை கிடைத்தால், படிப்பு முடியும்போது பயோடேட்டாவில் ஒரு வருட அனுபவமும் இருக்கும். பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாதம். அந்தப் பதினெட்டு மாதத்தில் துறை சார்ந்த வேலை வந்துவிட்டால், இரண்டு ஆண்டு வேலை, ஓய்வூதியப் பங்களிப்பு, பி1 அளவு ஜெர்மன் (ஐரோப்பிய மொழித் தேர்ச்சிப் படிகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும்) இவற்றோடு நிரந்தரக் குடியிருப்புக்கே விண்ணப்பிக்கலாம். பிரிட்டனின் 18 மாதமும் இதுவும் எண்ணில் ஒன்றுதான். ஆனால் ஒரு வருடப் படிப்புக்குப் பின்னால் வரும் 18 மாதமும், இரண்டரை வருடம் அந்த ஊரில் பழகிய பின்னால் வரும் 18 மாதமும் ஒன்றாகிவிடாது.

விலை என்ன? மொழி. ஆங்கிலத்திலேயே நடக்கும் மாஸ்டர்ஸ் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் தேடினால் வரும். வகுப்பறை ஆங்கிலத்தில் நடக்கும், வாழ்க்கை நடக்காது. வேலை விளம்பரங்களில் பாதிக்கு மேல் தலைப்பே ஜெர்மனில் இருக்கும், உள்ளே பி2 கேட்டிருப்பார்கள். படிப்பின் இடையில் கற்றுக்கொள்ளலாம் என்று போன என் வகுப்புத் தோழர்களில், கிளம்பும்போதே ஏ2 முடித்திருந்தவர்கள் மட்டும்தான் கடைசியில் பி2 தொட்டார்கள். நான் அதில் சேர்த்தியில்லை. படிப்பு முடிந்த பிறகு ஆறு மாதம் உட்கார்ந்து படித்தேன்.

இன்னொரு விலையைப் பற்றி ஆலோசகர்கள் வாயே திறப்பதில்லை. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்று முயற்சிதான். மூன்றாவதிலும் தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. என்னோடு படித்தவர் ஒருவருக்கு கண்ட்ரோல் தியரி மூன்றாவது முறை. தேர்வறை வாசலில் எல்லோரும் கடைசி நிமிடக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மாணவர் அட்டையை விரல்களுக்கிடையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேறிவிட்டார். ஆனால் அந்த ஒரு பாடத்துக்காக மற்ற மூன்று பாடங்களை அந்த செமஸ்டரில் தொடவே இல்லை. ஜெர்மனியில் நேரம் நீளம், ஒவ்வொரு கதவும் எத்தனை முறை திறக்கும் என்பதற்குத்தான் எண்ணிக்கை உண்டு.

சேர்வதற்கு முன்பு மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி வரம்பு. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி வரம்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு எட்டு, தேர்ச்சி ஐந்து என்றால் 2.2 வரும். பல துறைகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. இந்தியா, சீனா, வியட்நாம் மாணவர்களுக்கு கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழ் என்ற தனிப் படி உண்டு, அதற்குச் சில வாரங்கள் ஒதுக்கிவிடுங்கள்.

விடுதியையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விடுதிக்குக் காத்திருப்போர் பட்டியல் பெரிய நகரங்களில் பல மாதம் நீளும். குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். முகவரி இல்லையென்றால் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் குடியிருப்பு அனுமதியும் வரி எண்ணும் தள்ளிப்போகும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே விடுதிக்குப் படிவம் போட்டுவிட வேண்டும், சில ஊர்களில் கடிதம் வரும் முன்பே போடலாம்.

ஆலோசனை மையங்களில் ஜெர்மனியைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் குறைவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவில் பல கல்வி நிறுவனங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குக் கமிஷன் தருகின்றன. கட்டணமே வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் எதிலிருந்து கமிஷன் தரும்? இலவச ஆலோசனை என்ற பலகையைப் பார்த்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா: மூன்று வருடம், மூன்று சீட்டு

அறிவியல், பொறியியல் படித்தவருக்கு அமெரிக்கா தரும் நேரம் பெரியது. படிப்பு ஒன்றரை முதல் இரண்டு வருடம். முடித்ததும் ஓ.பி.டி. என்ற பயிற்சி அனுமதி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மேலும் 24 மாதம். ஆக, ஐந்து வருடத்துக்குப் பக்கத்தில். விசாவுக்கு 185 டாலர், செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். இவை சில்லறை, படிப்புக் கட்டணம்தான் மலை.

அந்த மூன்று வருடத்துக்குள்ளும் சின்னச் சின்னக் கடிகாரங்கள் ஓடுகின்றன. ஓ.பி.டி.க்கு, படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து முடிந்து 60 நாள் வரைதான் விண்ணப்பிக்கலாம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. ஸ்டெம் நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாள். சந்தை மந்தமான வருடத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு அந்தத் தொண்ணூறு நாள் எப்படிக் கரையும் என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் எல்லாம் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான லாட்டரியில் போய் நிற்கும். ஆண்டுக்கு 85,000 இடம், அதில் 20,000 அமெரிக்க மாஸ்டர்ஸ் அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்கு. மார்ச்சில் நிறுவனம் பெயரைப் பதியும், தேர்வானால் அக்டோபரில் வேலை நிலை மாறும். மூன்று வருட ஓ.பி.டி. என்பது பொதுவாக மூன்று முறை சீட்டுக் குலுக்கும் வாய்ப்பு. 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் என்று ஒரு கட்டணத்தை அறிவித்தது. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து மாணவர் நிலையிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதம் மாணவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

கடன் வாங்கி அமெரிக்கா போகிறவர்களிடம் நான் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். மூன்று சீட்டும் விழவில்லை, சொந்த நாட்டுக்கே திரும்பி, அங்கே அந்தப் பட்டத்துக்குக் கிடைக்கும் சம்பளத்தில் மாதத் தவணை கட்ட முடிகிறதா? முடிகிறது என்றால் தாராளமாகப் போகலாம். டாலர் சம்பளம் வந்தால்தான் கடன் அடையும் என்றால், கடனுக்கு ஈடாக வைப்பது லாட்டரிச் சீட்டை.

பிஎச்.டி.க்கு இந்தக் கணக்கு தலைகீழ். அமெரிக்க ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் அறிவியல், பொறியியல் பிஎச்.டி. மாணவருக்கு வழக்கமாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் தரும். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை மாணவருக்கு நேரம் தர வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. "இன்றே பதில் சொல்" என்று யாராவது நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தில் உண்டா என்று பார்த்து, நிதானமாகப் பேசலாம். ஆராய்ச்சியில் உண்மையிலேயே ஆசை இருப்பவர் மாஸ்டர்ஸுக்குப் பணம் கட்டுவதை நினைத்து வயிறெரிவதற்கு முன் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

கனடா, ஆஸ்திரேலியா, போகிற போக்கில் அயர்லாந்து

காகிதத்தில் கனடாதான் தாராளம். 2024 பிப்ரவரியிலிருந்து, எட்டு மாதத்துக்குக் குறையாத தகுதியான மாஸ்டர்ஸ் படித்தாலே மூன்று வருட வேலை அனுமதி. படிக்கும்போது வாரம் 24 மணி நேரம் வெளியே வேலை பார்க்கலாம். பட்டப்படிப்புக்குப் பிந்தைய அந்த அனுமதி வாழ்நாளில் ஒருமுறைதான் என்பதால், ஏதோ ஒரு டிப்ளமாவுக்கு அதைச் செலவழித்துவிடக் கூடாது.

சிக்கல், தரை ஆடிக்கொண்டே இருப்பது. 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது, மாகாணத்தின் சான்றுக் கடிதம் கட்டாயமானது. அதே ஆண்டு நவம்பரில் விரைவு விசாத் திட்டம் ஒரே நாளில் நின்றது. 2025 மார்ச்சில் நிரந்தரக் குடியிருப்புப் புள்ளிக் கணக்கில் வேலை வாய்ப்புக்குத் தந்த புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து அரசு நிறுவனங்களில் சேரும் மாஸ்டர்ஸ், பிஎச்.டி. மாணவருக்கு உச்சவரம்பும் சான்றுக் கடிதமும் இல்லை. இது நல்ல செய்திதான். ஆனால் நீங்கள் சேரும் நாளின் விதியும் முடிக்கும் நாளின் விதியும் ஒன்றாக இருக்கும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம். நிரந்தரக் குடியிருப்பு மட்டுமே குறி என்றால், இன்றைய கனடா எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மாணவர் விசாக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்தாலும் திரும்பாது. பிப்ரவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை என்பதால், வட கோளத்தின் செப்டம்பரைத் தவறவிட்டவர்களுக்கு வருடம் வீணாகாது. இருவாரத்துக்கு 48 மணி நேர வேலை. படிப்புக்குப் பின் தங்கும் விசா வேண்டுமென்றால் குறைந்தது 92 வாரப் படிப்பு இருக்க வேண்டும், ஒரு வருட மாஸ்டர்ஸ் சேர்ந்தவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு 35 வயது வரம்பும் உண்டு. வேலை அனுபவம் சேர்த்துவிட்டு முப்பதுகளில் கிளம்புகிறவர்கள் இதை முதலில் பார்க்கட்டும்.

அயர்லாந்து: ஒரு வருட மாஸ்டர்ஸ், அதன்பின் இரண்டு வருடம் தங்கலாம். பிரிட்டனின் வேகம், கொஞ்சம் கூடுதல் மூச்சு. டப்ளினில் அறை கிடைப்பதுதான் தனித் தேர்வு.

முடிவுக்குப் பிறகுதான் தேர்வுக் கட்டணம்

பலரும் முதலில் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதிவிட்டுத்தான் நாட்டை யோசிக்கிறார்கள். அதன் மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். நாட்டையே முடிவு செய்யாமல் எழுதினால், தேவைப்படும் நாளில் காலாவதி ஆகியிருக்கலாம். எல்லா இடத்திலும் எல்லாத் தேர்வும் செல்லாது என்பதும் உண்டு. டியோலிங்கோ தேர்வை வீட்டிலிருந்தே ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம், செலவும் குறைவு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்கின்றன. ஆஸ்திரேலிய விசாவுக்கு வீட்டிலிருந்து எழுதும் தேர்வு செல்லாது. மனிதர் எதிரே உட்கார்ந்து பேசினால் நா வறண்டு போகிறவருக்கு, மைக்கிடம் பேசும் பி.டி.இ. எளிதாகப்படும். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 11 முதல் 14 நிமிடம் ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பேசியாக வேண்டும். எனக்கு அதுதான் சௌகரியமாக இருந்தது, எதிரே இருப்பவர் தலையாட்டுவது தெரியுமே. டோஃபல் 2026 ஜனவரியில் 1 முதல் 6 வரை என்ற புது அளவுக்கு மாறியிருக்கிறது, பழைய 120-ஐ வைத்துப் படித்துக்கொண்டிருந்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடுக்களும் ஒரே மாதிரி இல்லை. ஆகஸ்டில் தொடங்கும் அமெரிக்கப் படிப்புக்கு முந்தைய டிசம்பரிலேயே பல துறைகள் மூடிவிடும். அக்டோபரில் தொடங்கும் ஜெர்மன் குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசி நாள் ஜூலை 15, ஆனால் வெளிநாட்டு மாணவர் அதிகம் கேட்கும் படிப்புகள் மார்ச், மே மாதங்களிலேயே முடித்துவிடுகின்றன. பிரிட்டனில் வருவதை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார்கள், இடம் நிறைந்ததும் கதவு சாத்தும். அமெரிக்காவையும் ஜெர்மனியையும் ஒரே வருடத்தில் முயல நினைப்பவர், பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதத்தை அக்டோபரிலேயே கேட்டுவிட வேண்டும். டிசம்பர் கடைசி வாரம் கேட்டால், அவர் எழுதுவதும் அப்படித்தான் இருக்கும்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இன்றே பார்த்துவிடுங்கள். திருத்துவதற்கு ஆகும் வாரங்களை எந்த நாட்டுத் தூதரகமும் உங்களுக்காகக் காத்திருந்து தராது.

பையனிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டவில்லை. நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஜெர்மனியின் பக்கம் நான் கொஞ்சம் தள்ளித்தான் பார்த்தேன். "எனக்கு இன்னொரு மொழி படிக்கப் பொறுமை கிடையாதுக்கா, அது எனக்கே தெரியும்" என்றான். தன்னைப் பற்றி அவ்வளவு தெரிந்த பையனிடம் என்ன வாதம் செய்வது?

போன வாரம் எக்செல் திரும்பி வந்தது. பச்சை இன்னும் பிரிட்டன் மேலேயே இருந்தது. ஆனால் புதுத் தலைப்பு ஒன்று முளைத்திருந்தது, கீழே ஒரு தனிப் பக்கமும். ஸ்பான்சர் உரிமம் உள்ள பன்னிரண்டு நிறுவனங்கள், ஒவ்வொன்றின் கிராஜுவேட் ஸ்கீம் திறக்கும் தேதி, மூடும் தேதி. முதல் விண்ணப்பத்துக்கு எதிரே ஆகஸ்ட் 20 என்று போட்டிருந்தான். விமான டிக்கெட் செப்டம்பர் 17.